இரண்டு தட்டு, மூன்று தட்டு

திரைக்குப் பின்னால் மச்சினன் விடும் குறட்டை தன் மூச்சோடு சேர்ந்தே ஏறி இறங்குவதை, லாரிக்கு டீசல் போட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆந்தை கவனித்தான்.

மூச்சை இழுத்தான், குறட்டை கரகரவென்று ஏறியது. விட்டான், புஸ்ஸென்று இறங்கியது. மூச்சைப் பிடித்துப் பார்த்தான். குறட்டையும் நின்றது.

"சும்மா இருடா ஆந்தை," என்று தன்னையே அதட்டிக்கொண்டான். "தூக்கக் கலக்கம்."

ஆந்தை என்பது மற்ற டிரைவர்கள் வைத்த பெயர். மூன்று ராத்திரி விடாமல் ஓட்டிவிட்டு நாலாம் நாள் சீட்டாட உட்காருவான் என்று சொல்வார்கள். அதில் முக்கால்வாசி அவனே கிளப்பிவிட்ட கதை. இந்த நடையில்தான் கதை நிஜமாகிவிட்டது. வழியில் முறை மாற்றி ஓட்ட வேண்டிய மச்சினன், மனைவியின் தம்பி, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், காய்ச்சலில் சுருண்டு சீட்டுக்குப் பின்னால் திரை போட்ட கட்டிலில் விழுந்துவிட்டான். இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் ஸ்டீயரிங் இவன் கையை விட்டு நகரவில்லை. சரக்கு இறக்க வேண்டிய கிடங்கின் கேட் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

"என் தம்பியைப் பத்திரமாக் கொண்டுவந்து சேத்துடுங்க," என்று காலையில் போனில் சொல்லியிருந்தாள் மனைவி. "அப்படியே நீங்களும் வாங்க."

பேயெல்லாம் ராத்திரிதான் வரும் என்று நினைப்பவர்கள் பிற்பகல் மூன்றரை மணி வெயிலில் லாரி ஓட்டிப் பார்த்ததில்லை. சாலை ஆணி அடித்து இழுத்துக் கட்டிய நாடா மாதிரி நேராகக் கிடந்தது. தார் இளகி, ஒவ்வொரு சக்கரத்தையும் முத்தம் கொடுத்துத்தான் அனுப்பியது. இன்ஜின் சூடும், டீசல் நெடியும், மச்சினன் போர்வையின் வியர்வை வாடையும் கலந்து கேபினுக்குள் கொதித்தன. டாஷ்போர்டில் ஒட்டிய குட்டி மின்விசிறி அந்தக் கொதிப்பையே மறுபடி மறுபடி முகத்தில் ஊதியது. ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தாயிற்று. பச்சை மிளகாய் ஆறு கடித்தாயிற்று. நாக்குதான் விழித்துக்கொண்டது, கண் விழிக்கவில்லை. கடைசியில் மீசை முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். வலப்பக்க மீசை பாதி காலி. இந்த மீசையோடு போனால் மனைவி வீட்டுக்குள் விடுவாளோ என்னவோ.

கைவசம் இன்னும் ஒரு வழி இருந்தது. தோள்மேலாகக் கையை நீட்டிக் கட்டில் பலகையை இரண்டு முறை தட்டினான்.

மாமனும் மச்சினனும் வைத்துக்கொண்ட ஒப்பந்தம் அது. ஓட்டுகிறவன் கண் சொருகினால் இரண்டு தட்டு. படுத்திருப்பவன் எந்தத் தூக்கத்திலும் மூன்று தட்டு பதில் தர வேண்டும். பதில் வரவில்லை என்றால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு: தூங்குகிறவனின் திரையை விலக்கக் கூடாது. ஓட்டுகிறவனுக்குக் கிடைக்கிற தூக்கம் அத்தனை அரிது. அதனால்தான் டீசல் போட்ட இடத்திலும் திரையைத் திறக்காமல், தட்டிப் பார்த்து, பதில் வந்த பிறகு கிளம்பினான்.

டக். டக். டக்.

பதில் வந்துவிட்டது. ஆந்தைக்கு உயிர் வந்தது.

போன் அடித்தது. தெரியாத எண். மூன்று முறை விட்டுவிட்டான். நாலாவது முறை ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா! எங்க இருக்கீங்க?"

"யாருப்பா?"

"யாரா? நல்லாக் கேட்டீங்க போங்க. டீசல் போட்ட இடத்துல கக்கூஸ் போயிட்டு வந்தா வண்டியைக் காணோம். செருப்பில்லாம ரெண்டு மணி நேரமா நிக்கிறேன். என் போனும் வண்டியிலதான் இருக்கு, பங்க்காரர் போன்ல பேசுறேன்."

ஆந்தை சிரிக்க முயன்றான். "விளையாடாத மாப்ளே. நீ பின்னாடிதான படுத்திருக்க?"

"காய்ச்சல் எனக்கா உங்களுக்கா?"

"இப்பத்தான்டா தட்டினேன். நீ பதில் தட்டின."

"நானா?"

"இரு. கேளு."

தட்டினான். டக். டக். டக்.

 எதிர்முனையில் மச்சினனின் குரல் சின்னதாகிவிட்டது.

"கேட்டுச்சு மாமா. வண்டியை நிறுத்துங்க. திரையைத் தொடாதீங்க. நிறுத்திட்டு இறங்கி ஓடுங்க மாமா!"

சாலை சரியத் தொடங்கியது. இந்தச் சரிவு ஆந்தைக்கு மனப்பாடம். அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். நாலு மணிக்கு விடுவார்கள். காவலாளி சிவப்புப் பலகையைத் தூக்கிப் பிடித்துப் பிள்ளைகளைச் சாலையைக் கடக்க வைப்பார். ஆந்தை எப்போதும் தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பான். அவர் பட்டாளத்துக்காரர் மாதிரி ஒரு சலாம் வைப்பார்.

மணி நாலாக இரண்டு நிமிடம்.

பிரேக்கை மிதித்தான்.

மிதி இறங்கவில்லை.

இரண்டு காலையும் சேர்த்து ஊன்றினான். பாறையை மிதித்த மாதிரி இருந்தது. முதுகுக்குப் பின்னால் திரையின் வளையங்கள் சரசரத்தன. ஒன்று. இன்னொன்று. திரை தானாக விலகிக்கொண்டிருந்தது. வியர்வை வாடை இல்லை இப்போது. பச்சை மிளகாய் வாடை.

ஆந்தை திரும்பிப் பார்த்தான்.

கட்டிலில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். தலையெல்லாம் ஈரம். கண் மூடி, வாய் பிளந்து, இரண்டு நாள் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்கிக்கொண்டிருந்தான். கைகள் இரண்டும் நெஞ்சுக்கு மேலே, இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. வலப்பக்க மீசையில் பாதி இல்லை.

"மாமா? மாமா, நிறுத்திட்டீங்களா?"

தூங்குகிறவனின் வலது பாதம் மெல்ல முன்னால் சாய்ந்தது. இன்ஜின் உறுமியது. வேகம் ஏறியது.

கீழே சிவப்புப் பலகை உயர்ந்தது. வெள்ளைச் சட்டைகள். வரிசையாக. கைகோத்து.

"டேய், எழுந்திருடா! டேய்!" ஆந்தை கத்தினான். குரல் வெளியே வரவில்லை. வெறும் குறட்டைதான் வந்தது.

அப்போது படுத்திருந்தவன் கண் திறக்காமலே ஒரு கையை மட்டும் தோள்மேலாக நீட்டினான். பலகையைத் தட்டினான்.

டக். டக்.

பதிலுக்காகக் காத்திருந்தான்.

ஆந்தை தட்டினான். மூன்று முறை. இன்னும் மூன்று முறை. விரல் முட்டி உடைய, இரண்டு கையாலும், தலையாலும். பலகையிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை.

காவலாளி வண்டியை அடையாளம் கண்டு, சிரித்தபடி சலாம் வைத்தார்.