பதில் தட்டு

நாலு சிலிண்டர் வண்டி மூன்று முறை அடித்துவிட்டு நாலாவது அடியை முழுங்கியது. அடி, அடி, அடி, அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி மூன்று. சூசைநாதன் நீளத் திருப்புளியின் முனையை என்ஜின் மேல் ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். பதினெட்டு வருஷமாக என்ஜின்களோடு குப்பை கொட்டுகிறவன். ஒரு சிலிண்டர் அடிக்காவிட்டால் வண்டி குலுங்கும், நொண்டும், இருமும். இது எதையும் செய்யவில்லை. அந்த இடைவெளியில் வண்டி எதற்கோ காத்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. அது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

முப்பத்தாறாம் வருஷத்து வைகாசி வெயில், மணி ஒன்றரை. புதுச்சேரியில் கடை, ஆபீஸ் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணிவரை தூங்குகிற நேரம். முதலியார்பேட்டைக் கொட்டகைக்குள் தகரக் கூரை சூட்டில் படபடத்தது. பெட்ரோலும் காய்ந்த எண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வாடை தொண்டைவரை இறங்கியது. ஆணி ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் தரையில் காசு காசாய்க் கிடந்தது. கொட்டகையும் வண்டியும் முசியே அலெக்சாண்டருடையவை. மகள் கல்யாணத்துக்குப் பேசிவைத்த வாடகை வண்டிக்காரன் காலையில் கையை விரித்துவிட்டான். நாலு மணிக்குப் பெண் இதில்தான் மாதா கோயிலுக்குப் போக வேண்டும்.

தை மாசத்திலிருந்து யாரும் தொடாத வண்டி. தெய்வசிகாமணி செத்தது இதன் முன்னால்தான்.

அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் சூசைநாதன். ஆனால் கொட்டகைப் பொறுப்பை முசியே தூக்கிக் கொடுத்தது தெய்வசிகாமணிக்கு. சூசைநாதனுக்கு வயிறு எரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்ய முன்னால் நின்று கைப்பிடி சுற்றுகிறவன் ரேடியேட்டர் மேல் மூன்று தட்டுத் தட்டுவான். சீட்டில் இருப்பவன் ஸ்டியரிங் பக்கத்து லீவரை மேலே ஏற்றிவிட்டுக் கதவில் ஒரு தட்டுத் தட்டுவான். அப்புறம்தான் சுற்றுவது. லீவர் கீழே இருந்தால் நெருப்பு முந்திக்கொள்ளும், என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும், கைப்பிடி சுற்றினவன் மேலேயே பாயும். அன்றைக்கு மூன்று தட்டு வந்தது. சூசைநாதன் லீவரைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு கதவில் ஒரு தட்டுத் தட்டினான்.

கை உடைந்தால் போதும் என்றுதான் நினைத்தான். கைப்பிடி பொட்டில் அடித்தது. லீவரைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்திருந்தது, அது தானாக இறங்கிவிட்டது என்று போலீசில் அழுதுகொண்டே சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். பல் தேயவே இல்லை என்று அவனுக்கு மட்டும் தெரியும்.

பெட்ரோலை வடிகட்டிப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். பிளக்குகளைத் துடைத்து மாட்டினான். லீவரை மேலே வைத்துவிட்டு, எதையும் தட்டாமல், தானே சுற்றி ஸ்டார்ட் செய்தான். மூன்று அடி, ஒரு இடைவெளி. எரிச்சலோடு என்ஜினை நிறுத்தியபோது வாசலில் நிழல் விழுந்தது.

தெய்வசிகாமணியின் பெண்சாதி தனக்கொடி. முசியே வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

"முசியே கேட்டுட்டு வரச் சொன்னாரு. வண்டி ஆயிடுச்சாண்ணே?"

"ஒரு சிலிண்டர் அடிக்கல, அவ்ளோதான். ஆயிடும்னு சொல்லு."

"மூணரைக்குள்ள ஆவலன்னா டவுன்லேருந்து வேற மெக்கானிக்க கூட்டியாந்து காட்டுவாராம்."

சூசைநாதன் ஓரக்கண்ணால் லீவரைப் பார்த்தான். வேறு ஆள் வந்தால் முதலில் அந்த லீவரைத்தான் தொட்டுப் பார்ப்பான்.

அவள் போகவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு அவரு தட்டுனாராண்ணே?"

"என்ன கேக்குற?"

"மூணு தட்டு. வூட்டுக்கு வந்தாகூட அப்படித்தான். உள்ளேருந்து நான் ஒரு தட்டுத் தட்டுனாதான் கதவத் தள்ளுவாரு. பதில் வராம அவரு சுத்தியிருக்க மாட்டாரே."

"தட்டல. அவசரத்துல மறந்துட்டான், பாவம்."

தனக்கொடி தலையை ஆட்டிக்கொண்டாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"மாசியில விருத்தாசலத்துப் பக்கம் போயி சாமிக்குப் பிராது கட்டிட்டு வந்தேன். பேரு போடல. பொய் சொன்னவன்னு மட்டும் எழுதச் சொன்னேன். மூணு மாசத்துல தீத்துவைக்கும்னாங்க." வாசலைத் தாண்டும்போது திரும்பினாள். "இன்னியோட மூணு மாசம்ண்ணே."

போகும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அவனுக்கு ஆத்திரம் வந்தது. பிராதாம். காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டால் ஆயிற்றா? மறுபடி ஸ்டார்ட் செய்து, திருப்புளியின் மரப்பிடியைப் பிடித்து, அதன் இரும்பை முதல் பிளக்கின் தலையிலும் என்ஜினிலும் சேர்த்துத் தொட்டான். அப்படித் தொட்டால் அந்தச் சிலிண்டர் செத்துப்போகும், சத்தம் தொய்யும். எதைத் தொட்டால் சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி. முதலாவது தொய்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது மாறவில்லை. அப்பாடா என்றிருந்தது. நாலாவது பிளக்கை இரண்டாவதோடு மாற்றிப் போட்டான். இப்போது முதலாவது மாறவில்லை. அதைப் புதிதாகப் போட்டான். மூன்றாவது மாறவில்லை.

நோய் இடம் மாறிக்கொண்டே இருந்தது. அவன் கை போகிற பக்கமாக.

பெட்ரோல் வாடைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. கிராம்பு. தெய்வசிகாமணிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. எந்நேரமும் வாயில் கிராம்பை ஒதுக்கிவைத்திருப்பான்.

சூசைநாதன் மறுபடி தொட்டான். முதலாவது மாறவில்லை. இரண்டாவது மாறவில்லை. மூன்றாவது. நாலாவது. எதுவும் மாறவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. நாலு ஒயரையும் பிடுங்கி எறிந்தான். நெருப்பில்லாமல் என்ஜின் ஓடாது.

ஓடியது. அடி, அடி, அடி. இடைவெளி.

அவன் குனிந்து காதைக் கொடுத்தான். விசிறி நின்றிருந்தது. பெல்ட் நின்றிருந்தது. என்ஜின் எப்போதோ நின்றிருந்தது. சத்தம் ரேடியேட்டரின் மேல் தகட்டிலிருந்து வந்தது. விரல் முட்டியின் சத்தம்.

பிறகு அதுவும் நின்றது.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஓடினால் வேறு மெக்கானிக் வருவான், லீவரைத் தொடுவான், சூசைநாதனின் தலை போகும். தூரத்தில் கோயில் மணி மூன்றே கால் அடித்தது. ஒயர்களை மாட்டினான். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை சுற்றி ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டால் போதும். லீவரை மேலே ஏற்றி ஆட்டிப் பார்த்தான். பல் கெட்டியாகக் கவ்வியது. போதாதென்று சணல் கயிற்றால் இழுத்து மூன்று முடிச்சுப் போட்டான்.

முன்னால் வந்தான். குனிந்தான். கைப்பிடியைப் பிடித்தான்.

பிடித்த பிறகுதான் கவனித்தான். கட்டைவிரலும் சுற்றிப் பிடித்திருந்தது. தொழில் தெரிந்த யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள், உதைத்தால் கையை விடுவிக்க முடியாது. விரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

இடது கை மேலே எழும்பியது. அவன் எழுப்பவில்லை.

ரேடியேட்டர் மேல் மூன்று தட்டு.

"வேணாம்டா, சிகாமணி."

கூரை படபடப்பதை நிறுத்தியது. தெருவில் ஒரு சத்தம் இல்லை.

வண்டிக் கதவில் ஒரு தட்டு.

நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தான். சீட்டில் ஆளில்லை. சணல் கயிறு அவிழ்ந்து தொங்கியது. அவன் போலீசில் சொன்னபடியே, வார்த்தைக்கு வார்த்தை, லீவர் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. பல் பல்லாக. டிக். டிக். டிக்.

கிராம்பு வாசனை பிடரிக்கு வந்தது. அவன் விரல்களின் மேல் இன்னும் ஐந்து விரல்கள் வந்து படிந்து இறுக்கின. உயிருள்ள ஆளின் விரல்களைப் போலவே சூடாக இருந்தன.

கைப்பிடி சுற்ற ஆரம்பித்தது.