கைமேல் கை

காலை ஐந்தே முக்காலுக்கு ஏழாம் தெரு அகலின் முன் பதினாறு பேர் நின்றிருந்தார்கள். முதலில் நின்றவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்க வந்திருந்தார். அடுத்தவர் மகனுக்குப் பெண் பார்க்க இன்று கிளம்பலாமா என்று கேட்க. ஒவ்வொருவராக, இடுப்புயரத் தூணில் பதித்த வெண்கல வட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, உதடு அசையாமல் கேட்டார்கள். வட்டுக்கு மேலே கண்ணாடிக்குள் எப்போதும் மங்கலாக ஒரு சுடர் எரியும். அது பொன்னிறமாகப் பொங்கினால் உத்தரவு. அணைந்தால், இல்லை.

பல்வலிக்காரருக்கு அணைந்தது. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய நிம்மதியோடு வீட்டுக்குத் திரும்பினார்.

வரிசை முடியட்டும் என்று சந்தனமாரி கருவிப்பெட்டியுடன் ஓரமாகக் காத்திருந்தாள். உயர்கரை ஊரின் பன்னிரண்டு அகல்களையும் பழுது பார்ப்பது அவள் வேலை. நாற்பத்திரண்டு வயது. இந்த அகலின் வட்டு ஆடுவதாக நேற்றுப் புகார் வந்திருந்தது.

வரிசையின் கடைசி ஆள் அவளுடைய அப்பா பேச்சிமுத்து. அவர் எதையும் கேட்பதில்லை. வட்டில் கையை வைத்து, "நன்றி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாரிக்கு நினைவு தெரிந்த காலமாக அப்படித்தான். எதற்கு நன்றி என்று அவள் கேட்டதில்லை. வயதானவர்களுக்கு நன்றி சொல்ல ஆயிரம் இருக்கும்.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கடலேற்றத்தில் பழைய ஊர் ஒரே முற்பகலில் மூழ்கியது. படகோட்டிகள் குதி என்றதும் குதித்தவர்கள் பிழைத்தார்கள். நின்று யோசித்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்கள் மேட்டில் உயர்கரையைக் கட்டினார்கள். கீழ்ப்படிந்ததால் பிழைத்தோம் என்ற நன்றியில் அகல் சபையையும் கட்டினார்கள். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் தர்காவுக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து எழுப்பிய சபை அது. தெருவுக்குத் தெரு அகல் நட்டு, எல்லா அகல்களையும் நிலத்தடிக் கேபிளால் சபையின் மூல விளக்கோடு இணைத்தார்கள். மூல விளக்கு வழியாக ஆண்டவன் பதில் சொல்கிறான் என்பது நம்பிக்கை.

அகலை மீறினால் சிறையோ அபராதமோ கிடையாது. படகு வரிசையில் பெயர் கடைசிக்குப் போகும், அவ்வளவுதான். மறுபடி கடல் வந்தால் யார் முதலில் படகேறுவது என்ற பட்டியல் அது. மாதத்தின் முதல் ஞாயிறு ஒத்திகையில் அதை உரக்க வாசிப்பார்கள். கடலுக்கு நானூறு அடி தூரத்தில் வாழ்கிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பட்டியலில் முதல் பெயர் பேச்சிமுத்து. அன்று நூற்றுப் பத்துப் பேரைக் கரை சேர்த்த படகோட்டி. இரண்டாவது பெயர் சந்தனமாரி. சபையின் பிரசங்கத்தில் வரும் 'கேள்வி கேட்காமல் குதித்த குழந்தை' அவள்தான். ஆறு வயதில், கூரை மேலிருந்து, படகிலிருந்த அப்பா "குதிட்டி!" என்று கத்தியதும் குதித்தவள். அதே பிரசங்கத்தில் 'தயங்கி நின்றவள்' என்று ஒரு பெண்ணும் வருவாள். அது அவளுடைய அம்மா.

மாரியின் பையில் ஒரு கடிதம் இருந்தது. மன்னார் வளைகுடாவில் மிதக்கும் பவள நடவு நிலையத்துக்கு, உப்புக்காற்றில் கருவிகளைக் காப்பாற்றத் தெரிந்த ஒருவர் மூன்று ஆண்டுகளுக்குத் தேவை. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் இதே நிலையத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்து, இதே அகலில் கேட்டு, சுடர் அணைந்து, அவள் போகாமல் நின்றுவிட்டாள். ஒருமுறை அணைந்த கேள்வியை மறுபடி கேட்கக் கூடாது என்பது சபையின் விதி. கடிதம் வந்த ஒன்பது நாளாக அவள் எந்த அகலிலும் கை வைக்கவில்லை.

தெரு காலியானதும், உதவிக்கு வந்த ஜெபஸ்டின் தூணின் அடிமூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டான். அவனும் கடலேற்றத்தில் தப்பியவன்தான். இரண்டு மாதக் குழந்தையாக மீன்கூடையில் கரைக்கு வந்தவன். யார் கூடையில் வைத்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. "நான் அயிலை மீன் கணக்குல வந்தவன்" என்று சொல்லிச் சிரிப்பான்.

"யக்கா, கேபிளக் காணும்."

"எலி கடிச்சிருக்கும்லே."

"எலி கடிச்சா மிச்சம் வைக்கும். இத உப்பு தின்னுருக்கு. சபைக்குப் போற முனையே இல்ல."

மாரி டேப்லெட்டை அகலின் நினைவேட்டோடு இணைத்தாள். 'தொடர்பு இல்லை' என்ற குறிப்பு பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புயல் நாளில் தொடங்கியது. அதற்குப் பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. பதில்களும் நிற்கவில்லை.

ஜெபஸ்டின் தலையை வெளியே எடுத்தான். "அப்போ காலையில அந்த அண்ணாச்சிக்குப் பல்லு புடுங்க வேண்டாம்னு சொன்னது யாரு?"

மாரி வட்டைப் பார்த்தாள். வட்டுக்கு அடியில் இருந்து நாடித்துடிப்பைப் படிக்கும் நாடிவாசி, கேட்பவர் யார் என்று அடையாளம் காண மட்டுமே என்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நினைவேட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் உள்ளங்கைப் பதிவும், நாடியின் கோடும், பதிலும் இருந்தன. அவள் இருநூறு பதிவுகளைப் பார்த்தாள், கேபிள் இருந்த காலத்தில் நூறு, இல்லாத காலத்தில் நூறு. கோடு சீராக ஓடிய இடத்திலெல்லாம் சுடர் பொங்கியிருந்தது. கோடு துள்ளிய இடத்திலெல்லாம் அணைந்திருந்தது. ஒன்றுகூட மாறவில்லை.

"அண்ணாச்சிதான் சொல்லிருக்காரு," என்றாள் கடைசியில். "பல் டாக்டர நெனச்சா அவருக்கு நடுக்கம்."

ஜெபஸ்டின் கையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டான். "சரி விடுங்க. ஆண்டவன் நம்ம நாடியிலயே இருக்கான்னு வச்சுக்கிட்டாப் போச்சு. பக்கத்துலதான இருக்கான்."

"இருக்கட்டும்லே. யாரு நாடியில?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உயர்கரையில் இருபத்தொரு வயது ஆகாதவர்கள் தனியாகக் கேட்பதில்லை. தாயோ தகப்பனோ வட்டில் கை வைக்க, பிள்ளை அந்தக் கையின் மேல் தன் கையை வைக்க வேண்டும். கைமேல் கை என்று அதற்குப் பெயர். பார்க்க அழகாக இருக்கும். படம் எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். வட்டைத் தொடுவது யாருடைய கை என்று ஒருவரும் யோசித்ததில்லை. ஊரில் பாதிப் பேரின் படிப்பும் வேலையும் அப்படித்தான் முடிவாகியிருந்தன.

இருபத்து மூன்று ஆண்டுகள் பின்னால் போய் அந்த நாளை எடுத்தாள். பதிவில் இருந்தது அகலமான ஒரு கை. கட்டைவிரலுக்குக் கீழே தூண்டில் முள் கிழித்த தழும்பு. நாடிக்கோடு, புயலில் மாட்டிய படகைப்போல ஏறி இறங்கியிருந்தது.

பழுதுச் சீட்டில் அவள் இரண்டு வரி எழுதினாள்: 'கேபிள் பதினோரு ஆண்டுகளாக இல்லை. விளக்கு நன்றாக வேலை செய்கிறது.' மறுநாள் சபையிலிருந்து புதிய கேபிள் வந்து சேர்ந்தது. வேறு எதுவும் யாரும் கேட்கவில்லை.

சீட்டு எழுதிய அன்று மதியம் அவள் வீட்டுக்குப் போனபோது பேச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து காய்ந்த கூனி இறாலில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். மாரி டேப்லெட்டை அவர் முன் வைத்தாள்.

"இது யாரு கை யப்பா?"

"எங்கைதான். தழும்பு தெரியல?"

"நாளப் பாருங்க."

அவர் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்தார். கேபிளைப் பற்றியும் நாடியைப் பற்றியும் அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"அன்னைக்கு என்ன கேட்டீங்க?"

"நீ கேட்டதத்தான் நானும் கேக்கணும். அதான முற."

"கேட்டீங்களா?"

"இல்லட்டி." அவர் தெருவைப் பார்த்தார். "ஏற்கனவே ஒண்ணு குடுத்துட்டேன், இதையும் கடலுக்குக் குடுக்க மாட்டேன்னு சொன்னேன். கேக்கல. சொன்னேன். அணைஞ்சிச்சு. ஆண்டவன் எம்பேச்சக் கேட்டுட்டான்னு நெனச்சேன். அதுக்குத்தான் தெனமும் போய் நன்றி சொல்லுதேன்."

மாரிக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒவ்வொரு காலையும் வரிசையின் கடைசியில் அவர் சொன்ன அந்தச் சொல் தன்னுடைய இழப்புக்குச் சொன்ன நன்றி. "இருபத்து மூணு வருசம் யப்பா," என்றாள்.

"ஆமா."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். முறத்தின் விளிம்பைத் தடவியபடி வேறொன்றைச் சொன்னார்.

"பிரசங்கத்துல சொல்லுதது பொய்யி. ஒங்கம்மா தயங்கல. ஒன்னயக் குதின்னேன், குதிச்ச. அவளையும் குதின்னேன். அவ திரும்பி அடுத்த கூரைக்குத் தாவுனா. அங்க ஒரு கூடை கெடந்துச்சு, அதுக்குள்ள அழுக. தூக்கி எங்கிட்ட எறிஞ்சா. நான் கூடையப் புடிச்சேன். நிமிந்து பாத்தா கூரையில்ல."

"மீன்கூடையா?"

"ஒங்கூட வேல பாக்கானே, அவன்தான். அவங்கிட்டயும் சொல்லல."

"ஏன் யப்பா?"

"நீ சொன்ன பேச்சு கேட்டுப் பொழச்ச. அவ கேக்காம ஒரு உசுரப் பொழைக்க வச்சா. ரெண்டும் நெசம். ரெண்டாவதச் சொன்னா நீயும் அவள மாதிரி ஆயிருவியோன்னு பயம். வேறென்ன."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. மாரி அவருக்கு எதிரே உட்கார்ந்து முறத்தை இழுத்துக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச முப்பத்தாறு ஆண்டுகளாக அவளுக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அது இல்லை என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ந்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே வேறொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது. குதி என்று கத்திய குரலுக்கும், அதைக் கேளாமல் திரும்பிய கால்களுக்கும் சேர்த்து அவள் நன்றிக்கடன் பட்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம பதில் போடணும். நெலையத்துல கூப்புட்ருக்காங்க. போகலாம்னு இருக்கேன்."

பேச்சிமுத்துவின் தழும்பு விழுந்த கை லேசாக நடுங்கியது. அவர் அதை மடியில் வைத்து மறைத்தார். "அன்னைக்குக் கேட்டது நீ இல்ல. அகல்ல கேட்டுட்டுப் போ. இப்போ ஒங்கைய மட்டும் வைக்கலாம்லா? எரியும். பேரும் எடம் மாறாது."

"எரியாது யப்பா. என் கையும் நடுங்கும்."

"பயமா இருக்கா?"

"பின்னே? கூரையக் கண்டாலே எனக்கு இன்னைக்கும் அடிவயிறு கலங்குது. பயந்தா வெளக்கு அணைஞ்சிரும். ஆனா பயமும் வேண்டாங்கறதும் ஒண்ணு இல்லியே. பயந்துக்கிட்டேதான் போகணும்னு இருக்கு." பிறகு சொன்னாள்: "கும்புடாமப் போகல. கேக்காமப் போறேன்."

அவர் முறத்தைப் பார்த்தார். "கூனியில கல்ல விட்டுட்டு நல்ல கூனியப் பொறுக்கிப் போடுத," என்றார். மாரி பார்த்தாள். உண்மைதான்.

மறுநாள் ஜெபஸ்டினிடம் கூடையைப் பற்றிச் சொன்னாள். அவன் வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டான். அவன் அப்படி விட்டதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் கிளம்பும்போது, "அம்மா பேரென்னக்கா?" என்று மட்டும் கேட்டான். "சங்கரவடிவு," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் சம்மதம் அனுப்பினாள். சபைக்கும் போய், அணைந்த கேள்வியைத் தானே முடிவு செய்துவிட்டதாக எழுதிக் கொடுத்தாள்.

முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒத்திகை மணி அடித்தது. மேட்டின் விளிம்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் பட்டியல்படி நின்றார்கள். கீழே துறையில் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. வாசிப்பவர் முதல் பெயரைச் சொன்னார். இரண்டாவதாக வேறொரு பெயர் வந்ததும் கூட்டத்தில் சலசலப்பு. குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிரசங்கத்தில் அவளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

மாரி கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால், நானூற்றுப் பதினோராவதாக, ஏழாம் தெருப் பல்வலிக்காரர். வாயில் பஞ்சு.

"புடுங்கிட்டீங்களா அண்ணாச்சி?"

"பொழுக்க முழியழ," என்றார் அவர். கன்னம் வற்றி, முகம் தெளிந்திருந்தது.

அப்போது வரிசையின் முன்பக்கம் ஏதோ அசைந்தது. பேச்சிமுத்து தன் இடத்தைவிட்டு வெளியே வந்திருந்தார். எழுபத்தைந்து வயதுக்குரிய வேகத்தில், நானூறு பேரையும் கடந்து நடந்து வந்தார். யாரும் தடுக்கவில்லை. நடுவில் நின்ற ஜெபஸ்டின், அவர் தன்னைக் கடக்கும்போது தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

அவர் வந்து மாரிக்குப் பின்னால் நின்றார்.

"இங்க என்ன யப்பா? ஒங்க எடம் அங்க."

"படகோட்டி கடைசியிலதாம்ட்டி ஏறணும்." அவருக்கு மூச்சு வாங்கியது. "முப்பத்தாறு வருசமா என்னயத் தப்பான எடத்துல நிறுத்திட்டானுவ. நானும் நின்னுட்டேன்."

வரிசை மெல்ல நகர்ந்தது. துறைக்கு வந்து சேர அரைமணி ஆயிற்று. படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒற்றைப் பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. பலகைக்குக் கீழே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாரி கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓர் அடி எடுத்து வைத்தாள். கை நடுங்கியது.

பின்னாலிருந்து அகலமான ஒரு கை வந்து அவள் கைமேல் அமர்ந்தது. அதுவும் நடுங்கியது. இந்த முறை கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது அவள் கை.

அவர் வாய்க்குள் ஏதோ சொன்னார். அலைச் சத்தத்தில் அவளுக்கு ஒரு சொல்தான் கேட்டது. தினமும் காலையில் அவர் சொல்லும் அதே சொல். அவள் அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.