ஏழாம் நம்பர் ரத்தம்

"ஐயோ! எல்லாம் செத்துப்போச்சு!"

மலேரியா ஆய்வுக்கூடத்தில் அலறல்.

டாக்டர் காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

மைக்ராஸ்கோப் முன்னால் டெக்னீஷியன். ஆறு வருடமாக 'அக்கா, அக்கா' என்று ஒட்டிக்கொண்டிருப்பவள்.

"எத்தனை?"

"கோடிக்கணக்குலக்கா... ஒரு கிருமிகூட மிச்சமில்ல!"

சிரிக்காதீர்கள். இறந்துபோன ஒரு குழந்தையின் உடம்பிலிருந்து பிரித்து, மனித ரத்தம் ஊட்டி வளர்த்த அபூர்வ ரகம். உறைபெட்டியிலும் மிச்சமில்லை. டாக்டர் மூன்று வருடம் பாடுபட்ட மருந்தை இனி எதன்மேல் சோதிப்பது?

"ஒருவேளை உங்க மருந்து ஜெயிச்சிடுச்சோக்கா?"

"தட்டுல மருந்தே போடாத குழியிலயும் செத்திருக்கே!"

டெக்னீஷியன் கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியைக் கை காட்டினாள்.

"அப்போ... இன்குபேட்டர் கோளாறு!"

டாக்டர் அதே இன்குபேட்டரிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துப் பார்த்தாள். வாட்ச்மேன் கொடுத்த ரத்தத்தில் வளர்ந்த கிருமிகள். கொழுகொழுவென்று இருந்தன!

"மெஷின் மேல பழி போடாத. தப்பு தீனியில இருக்கு. செத்த தட்டுக்கு யார் ரத்தம்?"

"மேல் பாதிக்கு ஏழாம் நம்பர் பை. கீழ் பாதிக்கு ஒன்பது... ரெண்டையும் கொட்டிடறேன்க்கா!"

"தொடாத!"

ரத்தம் கொடுத்தவர் மலேரியா மாத்திரை சாப்பிட்டிருந்தால் கிருமிக்கு எமன். அதனால்தான் படிவத்திலேயே அந்தக் கேள்வி உண்டு. இரண்டு படிவத்திலும் 'சாப்பிடவில்லை' என்றே டிக்.

டாக்டர் பெயர்ப் பதிவேட்டைத் திறந்தாள்.

ஏழு... அவளே கூட்டிவந்து ரத்தம் கொடுக்க வைத்த கணவன்!

உடனே போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"ஏங்க, போன மாசம் நாலு நாள் மீட்டிங்னு மலை ஊருக்குப் போனீங்களே... அங்க கொசு ஜாஸ்தியா?"

"அந்தக் குளிர்ல கொசுவாவது! ஸ்வெட்டரைக் கழட்டவே இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு மலேரியா மாத்திரை?"

"மாத்திரையா? என்ன மாத்திரை?"

"உங்க ரத்தம் என் கிருமியைக் கொன்னிருக்கு. காட்டுப் பக்கம் போறவங்க போடற மாத்திரை. யார் குடுத்தா?"

"சே... அவளே சொல்லிட்டாளா?"

எவள்?!

டாக்டரின் விரல் ஒன்பதாம் நம்பருக்கு இறங்கியது. நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரே டெக்னீஷியன் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குக் காய்ச்சல்னு நீ லீவு போட்டதும் அதே நாலு நாள்தான்... இல்ல?"

"அக்கா... ரத்தம் குடுக்கற முறை வந்துச்சு. மாட்டேன்னா ஏன்னு கேப்பீங்க... கிருமிக்குப் போடறதுக்கு முன்னாடி சிவப்பணுவைக் கழுவினா மாத்திரை போயிடும்னு நெனச்சேன்..."

"அந்த மாத்திரை ஒட்டினா விடாதுடி. உன்னை மாதிரியே!"

கூடப் பிறக்காத தங்கை என்று வீட்டுச் சாவியையே கொடுத்து வைத்திருந்தாள். பாவி, வீட்டுக்காரனையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்! பதிவேட்டைப் பட்டென்று மூடினாள்.

"ஹலோ... ஹலோ... நான் சொல்றதைக் கேளும்மா..." போன் கெஞ்சியது.

"நீங்க கேளுங்க. அடுத்த தடவை மாத்திரை வேண்டாம். கொசுவலை எடுத்துட்டுப் போங்க... டபுள் காட் சைஸ்!"