விளக்குக்கு ஒரு மணி

காலைச் சங்கு ஒலித்ததும், நிலவகத்தில் எல்லோரும் செய்வதைப் போல, ஜெசிந்தா பல் துலக்கி முகம் கழுவி, ஆணியில் தொங்கிய தன் எடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஈயத் தகடுகள் வைத்துத் தைத்த சட்டை அது. அது இல்லாமல் நடந்தால் உடம்பு துள்ளும். துள்ளுவது சுகம்தான். ஆனால் அந்தச் சுகத்திலேயே இருந்தால் எலும்பு கரைந்துபோகும். அதனால்தான் நிலவகத்தார் காலையில் எடையை உடுத்திக்கொண்டு, இறுக்கம் கூட்டிய சைக்கிள்களில் நிலத்தடி வளையச் சாலையைச் சுற்றினார்கள்.

அவள் நிலவுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பாசிமாவு ஆலையில் ரொட்டிக்கு மாவு பிசைவது அவள் வேலை. அன்றுவரை அவளும் மற்றவர்களைப் போல ஏனோதானோ என்றுதான் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் இரவு தூத்துக்குடியிலிருந்து தம்பி அமல்தாஸ் திரையில் வந்து அதைக் கெடுத்தான்.

"யக்கா, பெனிட்டா முழுவாம இருக்கா. பிள்ளைக்கு நீதான் ஞானத்தாயி. வேற யாரையும் நிறுத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

"நிக்கணும்லடே. என் காலு அங்க நிக்குமா?"

"நிக்க வையி."

ஞானத்தாய் என்றால் ஞானஸ்நானச் சடங்கு முடியும்வரை பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும். நிலவில் பூனைக்குட்டி கனமே இருக்கும் பிள்ளை, பூமியில் ஆறு மடங்கு கனக்கும். அதைத் தாங்க வேண்டிய அவள் உடம்பும் ஆறு மடங்கு கனக்கும். சென்ற ஆண்டு பூமிக்குப் போன ஒருவர் விண்கலத்தின் படியிலேயே இடுப்பு முறிந்து திரும்பினார். ஜெசிந்தாவுக்கோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை வாங்க மனம் இல்லை.

எலும்புத்துறை அதிகாரி திருமேனி நிபந்தனையைச் சொன்னார்.

"நாளுக்கு இருபது கிலோமீட்டர். ஒன்பது மாசம், விடாம. அதுக்கு அப்புறம் எடையறைப் பரிசோதனை."

"இருபதா! எந்தக் கணக்கு சார் இது?"

"பூமியில ஒரு சராசரி மனுசன் ஓட்டுற தூரம்மா. அவங்க கைப்பட்டையில பதிவாகுறதைச் சேர்த்து எடுத்த கணக்கு. அவங்க காலுக்கு ஈடா உங்க கால் இருந்தாத்தான் இறங்க விடுவேன். ஓட்டின தூரத்துக்கு எனக்கு அத்தாட்சி வேணும்."

பூமி மனிதரை நினைத்து ஜெசிந்தாவுக்கு வியப்பாக இருந்தது. அந்தக் கனத்தையும் சுமந்துகொண்டு இருபது கிலோமீட்டர்!

இனித் தூரத்தை அளக்க ஒரு வழி வேண்டும். முழங்காலில் பதிக்கும் தொலைவுச்சில்லு துல்லியமானது. ஆனால் அதை வாங்கினால் பயணச்சீட்டு வாங்க முடியாது. அடுத்தது மலிவான கைப்பட்டை. தோழியிடம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு ஆலைக்குப் போனாள். ஒரு தொட்டி மாவு பிசைந்து முடித்தபோது, அவள் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டியதாகப் பட்டை வாழ்த்துச் சொன்னது.

வீட்டு வேலைக்கு இருந்த ஏவலன் என்ற எந்திரம் அதைக் கேட்டு மகிழ்ந்தது.

"அம்மா, பட்டையை என் கையில் கட்டுங்கள். பக்கத்து வீட்டு ஏவலன் அவர்கள் வீட்டு ஐயாவுக்காகத் தினமும் முப்பது கிலோமீட்டர் ஆட்டுகிறான்."

"பிள்ளைய நீ தூக்குவியால?"

"தூக்குவேன் அம்மா."

"போ, போய்ப் பாத்திரத்தக் கழுவு."

சுற்றுகளை எண்ணலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. வளையச் சாலையில் காற்றுக் கதவுகளை நினைத்த நேரத்தில் மூடுவார்கள். பாதியில் திரும்ப வேண்டும். அப்படி ஒரு மூடிய கதவின் முன் நின்றபோதுதான் சாலை விளக்குகளைப் பார்த்தாள். நூறு மீட்டருக்கு ஒரு விளக்கு. கதவு மூடினாலும் திறந்தாலும் விளக்குகள் நகரப் போவதில்லை.

மறுநாள் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையைக் கைப்பிடியில் சுற்றிக்கொண்டாள். ஒரு விளக்கைத் தாண்டினால் ஒரு மணி. பத்து மணி போனால் ஒரு கிலோமீட்டர். நாலு மாலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இருபது முடிந்துவிடும். இதில் அவளே எதிர்பாராத ஒரு நேர்த்தியும் இருந்தது. ஒரு மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லி முடிக்கிற நேரத்துக்குள் அடுத்த விளக்கை எட்ட வேண்டுமென்றால் நன்றாக மிதிக்க வேண்டும். மிதி தளர்ந்தால் செபம் முந்திக்கொள்ளும். விளக்கு தூரத்திலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து அளக்கும் கருவி, மின்கலம்கூட இல்லாமல், அவள் அம்மா போட்டுவிட்ட மாலையிலேயே இருந்தது.

திருமேனி மாலையைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"இதை எப்படிம்மா நம்புறது? ஓட்டாமலே உருட்டலாமே?"

"உருட்டலாம் சார். ஆனா மாதாகிட்ட பொய் சொல்லி ஒரு மணியத் தள்ள எனக்குத் தைரியம் வராது. ஏவலனுக்குச் செபம் வராது."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் அதிகாரி அல்லவா, மறுநாள் காலை முழங்காலில் சில்லுடன் அவளோடு கிளம்பினார். மூன்று முறை கதவு மூடியது. மூன்று முறையும் திரும்பினார்கள். இருநூறாவது மணியில் ஜெசிந்தா காலை ஊன்றியபோது அவர் சில்லு இருபது என்றது. மூச்சு வாங்கியதில் அவரால் உடனே பேச முடியவில்லை.

"இனிமே நான் வரலைம்மா. நீங்க சொன்னாப் போதும்."

ஒன்பது மாதங்கள் ஓடின. வேகமாகச் சுழலும் எடையறையில், பூமியின் முழு எடையில், மாவு மூட்டையை ஏந்திக்கொண்டு அவள் கால் நடுங்காமல் நின்றாள். திருமேனி எழுந்து நின்று முத்திரை வைத்தார்.

பூமியில் விண்கலத்தைவிட்டு இறங்கியபோது எடைச்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய சொந்த எடை படியின் கீழே அவளுக்காகக் காத்திருந்தது. முழங்கால் ஒருமுறை கேட்டுப் பார்த்தது, பிறகு ஒப்புக்கொண்டது.

ஞானஸ்நானத்தன்று அமல்தாஸ் காரைக் கிளப்பினான். கோயில் அடுத்த தெருவில்.

"நடந்துரலாமே?"

"வெயிலா இருக்குக்கா."

சடங்கு நீண்டது. சுற்றி நின்ற உறவினர்கள் ஒவ்வொருவராகப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஞானத்தந்தையாக நின்ற மாமா தூணில் சாய்ந்தார். ஜெசிந்தா நின்றாள். உள்ளுக்குள் விளக்குக்கு விளக்கு போய்க்கொண்டிருந்தாள். தலையில் தண்ணீர் விழுந்து பிள்ளை வீறிட்டபோதும் அவள் கை தாழவில்லை. "நிலாவுல இருந்து வந்தவளாம், எப்படி நிக்கா பாரு," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

வீடு திரும்பியதும் கூடத்தில் ஓர் உடற்பயிற்சி சைக்கிளைப் பார்த்தாள். கைப்பிடியிலும் இருக்கையிலும் பிள்ளையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இதுலயாடே தெனமும் இருவது கிலோமீட்டர் ஓட்டுத?"

"அது கம்பெனிக் கட்டாயம்க்கா. தூரம் குறைஞ்சா காப்பீட்டுல கை வச்சிருவானுவ." அமல்தாஸ் குரலைத் தாழ்த்தினான். "கொஞ்சம் தொட்டில ஆட்டேன். இன்னிக்கிக் கோயிலுக்குப் போனதுல பாதிதான் ஆயிருக்கு."

தொட்டில் கயிற்றில் அவனுடைய கைப்பட்டை கட்டியிருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எண் ஏறியது. ஜெசிந்தா சன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே மின்விசிறியின் இறக்கையில் ஒரு பட்டை சுழன்றுகொண்டிருந்தது.

திருமேனி சொன்ன சராசரி மனுசன் யாரென்று அவளுக்கு இப்போது தெரிந்தது. ஒன்பது மாதம் அவள் துரத்திய ஆள் இதோ, வாயில் விரலை வைத்துக்கொண்டு தூங்குகிறான்.

கொஞ்ச நேரம் ஆட்டினாள். பட்டை அதிர்ந்து இனிமையான குரலில் பேசியது:

"வாழ்த்துகள்! இன்றைய இருபது கிலோமீட்டர் நிறைவடைந்தது. சற்று ஓய்வெடுங்கள்."

ஜெசிந்தா குனிந்து, பூமியின் முழுக் கனத்தோடு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு, அதன் பிஞ்சுக் கால்களை மெல்லப் பிடித்துவிட்டாள்.

"எம்புட்டுத் தூரம் ஓட்டியிருக்கு பாவம். காலு வலிக்காதாடே பிள்ளைக்கு?"