ஐயமானி

ஐந்தாம் வரிசையில் முப்பத்தொன்பது பேரின் நெற்றியில் பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. வாசுகியின் பட்டை மட்டும் மூன்றாவது மாதமாகச் சிவப்பு.

ஓசூர்ப் பக்கத்து மின்கலத் தொழிற்சாலை அது. பட்டைக்கு ஐயமானி என்று பெயர். மனத்தில் சந்தேகம் எழுந்தால் மூளையில் ஓடும் மின்னோட்டத்தை வைத்தே மோப்பம் பிடித்துவிடும். நிர்வாக இயக்குநர் பிரதீபன் தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டித் தொழிலாளர்களின் சம்பளத்தை உயர்த்துவதாக அறிவித்தபோது, "நம்பிக்கைய மட்டும் நீங்க குடுங்க" என்றார். தியாகம் என்றாலும் நிபந்தனை இல்லாமலா? ஒருவர் சந்தேகப்பட்டாலும் அந்த வரிசைக்கே உயர்வு கிடையாது.

வாசுகி கலகக்காரி அல்ல. பச்சை கூடக் கூட வெளியே நிறுவனத்தின் பங்கு விலை ஏறுவதாகச் செய்தியில் பார்த்தாள். பாதிச் சம்பளத்தை விட்டவர் தன் பங்குகளை விட்டாரா என்ற கேள்வி மனத்தில் விழுந்துவிட்டது. சாமி கும்பிட்டுப் பார்த்தும் போகவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பிலோமினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கணவனுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

"அந்தாளு கள்ளனாவே இருக்கட்டும் வாசு. உயர்வு வரலன்னா எம் புருசன நான் எப்பிடிடி காப்பாத்துவேன்?"

"நம்பணும்னுதான்க்கா பாக்குறேன். முடியல."

பிலோமினா அழவில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள். அதுதான் வாசுகியை அறுத்தது.

மறுநாள் காலை அவளே நலப்பிரிவுக்குப் போனாள். சந்தேகத்தைக் காட்டும் பட்டையால் அதை அழிக்கவும் முடியும். சம்மதம் எழுதிக் கொடுத்தால் போதும்.

"எல்லாம் மறந்துருமா சார்?" என்று அங்கிருந்த அலுவலரிடம் கேட்டாள்.

"இல்லம்மா. கேள்வி ஞாபகம் இருக்கும். குடையாது, அவ்வளவுதான்."

பட்டை பச்சையானது. வரிசைக்கு உயர்வு வந்தது. பிலோமினா அவள் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். மற்ற வரிசைகளின் சிவப்பு நெற்றிக்காரர்களும் ஒவ்வொருவராக நலப்பிரிவு வாசலில் வந்து நின்றார்கள். ஆறே மாதத்தில் தொழிற்சாலையில் கேள்வி கேட்கக்கூடியவர் எவரும் இல்லை.

ஏழாம் மாதம் பிரதீபன் திரையில் தோன்றினார். குரல் தழுதழுத்தது. நிறுவனத்தின் நலனுக்காக உயர்வு இன்றோடு நிற்கிறது என்றார். தன் பழைய சம்பளத்தையும் கனத்த மனத்தோடு திரும்ப ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

கூடம் முழுக்கக் கைதட்டியது. பிலோமினா வெலவெலத்துப்போய் வாசுகியின் தோளை உலுக்கினாள்.

"நம்ம வரிசையில நீ ஒருத்திதான்டி அப்பவே சந்தேகப்பட்ட. எந்திரிச்சு கேளு."

வாசுகிக்கு அந்தக் கேள்வி ஓர் எழுத்து விடாமல் நினைவிருந்தது. கோபம் வர வேண்டிய இடம் இது என்றும் தெரிந்தது. தேடிப் பார்த்தாள். வரவில்லை. திரையில் கண் கலங்கி நின்றவரைப் பார்த்துக்கொண்டே அவளும் கைதட்டினாள்.

"பாவம்க்கா அந்த மனுசன்" என்றாள். "நமக்காக எவ்ளோ கஷ்டப்படுறாரு."