வழி தெரிந்தவன்

“கடலிலை வழி எங்கை கிடக்குது, சொல்லு பாப்பம்?”

கலியாணம் முடிந்த நாலாம் நாள், வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வைத்து விக்னராஜா பவளத்திடம் கேட்ட கேள்வி அது. புதுப்பெண் தலையைக் குனிந்து, கால் பெருவிரலால் மணலைக் கிண்டியபடி, “கடலிலை என்ன வழி? எல்லாம் தண்ணிதானே,” என்றாள்.

“பிழை. வழி ஆளுக்குள்ளை கிடக்கு,” என்று தன் நெஞ்சில் தட்டிக் காட்டினான் அவன். அவன் பரம்பரை முழுக்கத் தண்டையல்மார், பாய்க்கப்பல் ஓட்டியவர்கள். “எங்கடை ஆக்களிலை ஒருத்தர் இருந்தவர். பறங்கியள் கறுவாவும் மிளகும் தேடி, கிழக்குக்குக் கடல்வழி பாத்துக்கொண்டு திரிஞ்ச காலம். அவங்களிட்டை வரைபடம் இருந்தது, பித்தளைக் கருவி இருந்தது. எந்தத் தண்ணிக்குக் கீழை எந்தக் கல்லுக் கிடக்குது எண்டு மட்டும் தெரியாது. ஒருநாள் கரையிலை சத்தம் கேட்டு, என்னெண்டு பாக்கப் போன மனிசனைக் கையைக் கட்டி ஏத்திக்கொண்டு போட்டாங்கள். வழி கேக்கேல்லை. ஆளையே கொண்டு போனாங்கள்.”

“பிறகு?”

“பிறகென்ன? மனிசி அடுப்படியிலை அரிசி அரிச்சுக்கொண்டு நிண்டவ. இந்தா வந்திடுவன் எண்டுதானே இறங்கினவர், அதாலை சொல்லிக்கொண்டு போகேல்லை. பொழுதுபட்டும் சோத்தை மூடி வைச்சுக்கொண்டு இருந்தவவாம். ஆளைக் கொண்டு போனவங்கள் பதிலுக்குக் காலைத் தொங்கவிட்டு இருக்கக் கதிரையைத் தந்தாங்கள், அடுப்படிக்குக் குசினி எண்டு பேரைத் தந்தாங்கள். வியாபாரம் எண்டா அது வியாபாரம்!”

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் அந்த வீட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. கிணற்றடிக்குப் போகிற ஆம்பிளையும் “போட்டு வாறன்” என்று சொல்லித்தான் படியிறங்க வேண்டும். உள்ளே நிற்கிற பெண், கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டு, “ஓம், போட்டு வாங்கோ” என்று விடை கொடுக்க வேண்டும். போய்விட்டு வருகிறேன் என்று ஊரில் எல்லோரும் சொல்கிற சொல்தான். அந்தக் குடும்பத்துக்கு அது கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. பவளமும் பழகிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அது மூச்சு விடுவது போலாகிவிட்டது.

1976ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர்கள் மெல்பேர்னில், வில்லியம்ஸ்டவுன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கொழும்பில் கப்பல் அதிகாரியாக இருந்தவனுக்கு இங்கே பரீட்சையெல்லாம் திரும்ப எழுத வேண்டுமாம். அதுவரைக்கும் பெரிய கப்பல்களுக்குக் கயிறு கொண்டுபோய்க் கொடுக்கும் சின்னப் படகை ஓட்டினான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனால் விளக்கு வைத்த பிறகு வருவான். இந்தப் பெரிய தேசத்தில் பவளத்துக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த ஒருவன்தான்.

வாசலுக்கும் குசினிக்கும் நடுவே ஒடுங்கிய நடை ஒன்று ஓடியது. அதன் நடுவில், தலைக்கு மேலே, ஒரு கறுத்த உத்தரம். மற்ற மரமெல்லாம் வெள்ளைப் பெயின்ற் பூசிக் கிடக்க, அது மட்டும் பூசினாலும் ஒட்டாது என்று அப்படியே விட்டிருந்தார்கள். அதில் துருப்பிடித்த இரும்பு வளையம் ஒன்று தொங்கியது. பக்கத்து வீட்டில் இருந்த வீட்டுக்காரி மிஸிஸ் டோய்ல், “அது கப்பல் மரம், டியர். கட்டும்போது கரைச் சேற்றிலிருந்து எடுத்ததாம். இந்த ஊரே இல்லாத காலத்துக் கப்பல். யாருடையதென்று யாருக்குத் தெரியும்?” என்று சொல்லியிருந்தாள்.

முதலில் வந்தது வாசம்தான். ஒரு மழை நாளில், நடையைக் கடக்கும்போது, நனைந்த சாக்கின் நாற்றத்துக்கும் பழைய தாரின் நாற்றத்துக்கும் அடியிலிருந்து, யாரோ இப்போதுதான் பட்டையை முறித்தது போல, கறுவா மணந்தது. பவளம் குசினி அலமாரி முழுவதையும் இறக்கிப் பார்த்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கறுவா தைமாதமே முடிந்துவிட்டது.

அதற்கு மறுநாள், வழக்கம்போல விக்னராஜா வாசலில் நின்று, “பவளம், போட்டு வாறன்,” என்றான். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “ஓம், போட்டு வாங்கோ,” என்றாள். கதவு சாத்திற்று. கேற் கிரீச்சிட்டது. அவள் காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறப்போட்டுவிட்டு, குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்கினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, நடையிலிருந்து அதே ஆண் குரல், கொஞ்சம் களைத்துப் போய், கேட்டது.

“போட்டு வாறன்.”

கை தானாகப் பாத்திரத்தைக் கீழே வைத்தது. வாய் தானாகச் சொன்னது.

“ஓம், போட்டு வாங்கோ.”

பிறகுதான் குழாயை நிறுத்தினாள். கதவுச் சத்தம் இல்லை. கேற் சத்தம் இல்லை. நடையை எட்டிப் பார்த்தபோது யாருமில்லை. உத்தரத்தில் இருந்த வளையம் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் கேட்டாள். “இஞ்சாருங்கோ, மறந்த சாமான் எடுக்கத் திரும்பி வந்தனீங்களோ?”

“இல்லையே. ஏன்?”

அவள் சொன்னதைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப ஆரோ உன்னட்டை விடை வாங்கிக்கொண்டு போயிருக்கினம். போட்டு வாங்கோ எண்டும் சொல்லிப்போட்டாய். வந்தா எனக்கும் சொல்லு, என்ன?”

இரண்டு நாள் கழித்து, பொழுதுபடுகிற நேரம், அது வந்தது.

பவளம் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றுக்கு மேலே பாதியில் நிற்கிற பெரிய பாலம் மூடுபனிக்குள் கரைந்துகொண்டிருந்தது, கடற்பறவைகள் ஓய்ந்துவிட்டன, எங்கேயோ ஒரு கப்பல், கன்றைத் தொலைத்த மாடு போல, விட்டு விட்டு ஊதியது. அந்த ஊதலுக்கு இடையில் அவளுக்குப் பின்னால், நடைப்பலகையில், ஈரக்கால்கள் நடக்கிற சப்பென்ற சத்தம் கேட்டது. ஒன்று. நின்று. இன்னொன்று. வேலையால் வந்த ஆம்பிளை சொல்வது போல ஒரு குரல், “வந்திட்டன்.”

திரும்பினாள். ஒருவருமில்லை. நடையில் கால்தடங்கள் இருந்தன. வெறுங்கால். விரல்கள் அகன்ற, செருப்பே கண்டிராத கால். அவை உத்தரத்துக்குக் கீழே தொடங்கிக் குசினி வாசற்படிவரை வந்து நின்றன. துடைத்தாள். துணியை மூக்கில் வைத்தாள். கடல். கடலும் கறுவாவும். மறுநாள் தடங்கள் வாசற்படியைத் தாண்டியிருந்தன. அடுத்த நாள் கதிரை ஈரமாக இருந்தது. காய்ந்த பிறகு அதன்மேல் உப்புப் பூத்துக் கிடந்தது.

விக்னராஜாவும் மாறினான். சிரிப்புக் குறைந்தது. எந்தக் கறிக்கும் “உப்புக் கூட” என்றான். தூக்கத்தில் புரண்டு, அவள் கேட்டிராத கட்டைக் குரலில், “வாடை முறியுது… கச்சான் எடுக்குது… கல்லு, கல்லு, விலத்து…” என்று காற்றுத் திசை பார்த்து யாருக்கோ வழி சொன்னான். ஒரு காலையில் அவன் மணிக்கட்டுகள் இரண்டும் சிவந்து கன்றியிருந்தன. “படகுக் கயிறு உரஞ்சினது,” என்றான். ஆனால் அவனே அதை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தான்.

பயம் பொறுக்காமல், நகரின் மறுகோடியில் கிளென் வேவர்லியில் இருந்த தோழி சந்திரவதனாவுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

“எடியே, அந்த வீட்டுப் பனிக்குளிர் உன்ரை தலைக்குள்ளை பூந்திட்டுது,” என்று சந்திரவதனா முதலில் பகிடி பண்ணினாள். முழுவதையும் கேட்ட பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. “நீ ஏனடி மறுமொழி சொன்னனி? முகம் பாக்காமல் விடை குடுக்கிறதே?”

“வாயிலை வந்திட்டுதடி. பழக்கம்.”

“பழக்கமும் மண்ணாங்கட்டியும்! போட்டு வா எண்டு நீ சொன்னபடியாத்தானே அது வருது? இனிமேல் குசினிக்குள்ளை நிண்டு கத்தாதை. முகத்தைக் கண்டால் ஒழிய வாய் திறக்காதை. விளங்கிச்சோ?”

“ஓம்.”

“அவரிட்டையும் சொல்லு.”

சொல்லத்தான் நினைத்தாள். அன்றிரவு அவன் சாப்பிடாமலே படுத்துவிட்டான். காலையில் முகம் வெளிறியிருந்தது. பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானமே பனி இறங்கியது. வீதியின் மறுகரை தெரியவில்லை. வெளிச்சம் பால் போலத் திரண்டு யன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பவளம் அரிசி அரித்துக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு இடையில் அரிசி வழுக்கி ஓடுவதையும், கழுநீர் வெள்ளையாகச் சுழல்வதையும் பார்த்தபடி, இதே போல் அரிசி அரித்துக்கொண்டு நின்ற ஒருத்தியை நினைத்துக்கொண்டாள். விக்னராஜா அறைக்குள் உடுப்பு மாற்றுகிறான் என்று நினைத்திருந்தாள். நடையில் பலகை முனகியது. கறுவா மணந்தது.

“பவளம், போட்டு வாறன்.”

வாய் திறக்கப் போனது. சேலைத் தலைப்பை எடுத்துப் பல்லுக்குள் வைத்துக் கடித்தாள்.

குரல் காத்திருந்தது. வளையம் ஆடுகிற சத்தம். பிறகு, இன்னும் மெதுவாக, கெஞ்சுவது போல:

“போட்டு வாறன் எண்டனான், பவளம்.”

அவள் அசையவில்லை. முகத்தைக் கண்டால் ஒழிய இல்லை. எட்டிப் பார்க்கலாம். பார்த்தால், அங்கே வேறு முகம் இருந்தால்? அரிசிப் பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கதவு சாத்திற்று.

கேற் கிரீச்சிட்டது.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அந்த மற்றக் குரல் ஒருநாளும் அவள் பெயரைச் சொன்னதில்லை. அதற்கு அவள் பெயர் தெரியாது.

பாத்திரத்தைப் போட்டுவிட்டு முன் யன்னலுக்கு ஓடினாள். பனிக்குள் விக்னராஜா, நீலச் சுவெற்றரோடு, கேற்றுக்கு வெளியே நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகமில்லாத பிள்ளை பார்ப்பது போல. “போட்டு வாங்கோ!” என்று கத்தினாள். பெயின்ற் இறுகிய யன்னல் திறக்க மறுத்தது. கண்ணாடியில் அடித்தாள். “இஞ்சாருங்கோ! போட்டு வாங்கோ!” அவன் திரும்பி நடந்தான். கதவைத் திறந்து, வெறுங்காலோடு சந்திவரை ஓடிப் பார்த்தாள். பனி. கப்பல் ஊதல். ஒரு திசையும் இல்லை.

துறைமுகத்துக்கு ரெலிபோன் எடுத்தாள். படகு போய்விட்டது, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். பொழுதுபட்டது. திரும்ப எடுத்தாள். மறுமுனையில் யாரோ ரெலிபோன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்டார்கள். “கொஞ்சம் பொறுங்கள், மிஸிஸ்.” பிறகு கப்பல் ஊதல் சத்தம் மட்டும்.

அவள் விளக்குகள் எல்லாவற்றையும் போட்டாள். சோறு போட்டாள். கறி வைத்தாள். சோற்றுக் கோப்பையைக் குசினி மேசையில் வைத்து இன்னொரு கோப்பையால் மூடினாள். அவன் வருவான். சாப்பிட வருவான். இரண்டு வருடம் சொன்ன சொல், ஒருநாள் சொல்லாததால் பொய்யாகாது. குசினி வாசலில் நின்று முன்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈரக்கால் சத்தம்.

கதவிலிருந்து அல்ல. உத்தரத்துக்குக் கீழிருந்து. அவளைத் தாண்டிக் குளிராக ஒன்று போயிற்று. முதுகுக்குப் பின்னால், குசினியில், கதிரை முனகியது.

“வந்திட்டன்.”

மேலே மூடியிருந்த கோப்பை நகர்கிற சத்தம் கேட்டது.

மெல்லத் திரும்பினாள். கதிரையின் மேல் ஒருவன் இருந்தான். காலைத் தொங்கவிட்டல்ல, கதிரை என்ற சாமானையே அறியாதவன் போல, ஏறிக் குந்திக்கொண்டு. நீண்ட முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோல், ஊறிப்போன பலகை நிறம். மணிக்கட்டுகள் இரண்டிலும் எலும்பு தெரிகிற அளவுக்குக் கயிறு அறுத்த தடம். கயிறு இல்லை. அவன் இரண்டு கையாலும் சோற்றை அள்ளி அள்ளித் தின்றான். ஆறிப்போய்விட்டதே என்று யாரையும் குறை சொல்லாத, நெடுநாள் பசிக்காரனின் அவசரம். கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டேயிருந்தது. உப்புநீர்.

முன்கதவு திறந்தது.

விக்னராஜா உத்தரத்துக்குக் கீழே நின்றான். மத்தியானம் போட்டுக்கொண்டு போன அதே நீலச் சுவெற்றர். தலையிலிருந்து தண்ணீர். மணிக்கட்டுகள் சேர்த்துக் கட்டியிருந்தன. கட்டிய கயிறு, அந்த இரும்பு வளையத்துக்குள்ளால் ஓடி, திறந்த கதவால் வெளியே போய், பனிக்குள் விறைத்து நின்றது. அங்கே வீதி இருக்க வேண்டும். மிஸிஸ் டோய்லின் வேலி இருக்க வேண்டும். அங்கே மரம் முறுகியது. நனைந்த பாய் அடித்தது. பல பேர் மூச்சு விட்டுக்கொண்டு காத்து நின்றார்கள். யாரோ ஒருவன் விளங்காத பாஷையில், பொறுமையாக, ஒரு கேள்வி கேட்டான். அந்தப் பாஷை தெரியாமலே, வழி கேட்கிறான் என்று பவளத்துக்கு விளங்கியது.

“போட்டு வாங்கோ,” என்றாள். “போட்டு வாங்கோ. ஓம், போட்டு வாங்கோ. சொல்லுங்கோ. ஒருக்கால் சொல்லுங்கோ, நான் விடை தாறன். இஞ்சாருங்கோ, நான் நிக்கிறன், சொல்லுங்கோ…”

விக்னராஜா அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். கடல்நீர் வழிந்தது.

கயிறு இழுபட்டது.

அவன் திரும்பினான். படி இறங்கினான். வீட்டுக்குள் சோறு அள்ளுகிற சத்தம் நிற்கவில்லை. பனிக்குள், வழி தெரிந்தவன் நடப்பது போல, நேராக நடந்து போனான்.

ஒரு சொல்லும் சொல்லாமல்.