உறக்கப் பணிக்கு ஒரு விடுப்பு

மதியச் சாப்பாடு முடிந்ததும் பல்கலைக்கழகம் தூங்கப் போகும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கொட்டாவி விட்டபடியே உறங்குகூடத்துக்குள் நுழைவார்கள். ஆளுக்கொரு கட்டில், நெற்றியில் கனவைப் பிடிக்கும் ஒரு கருவிப் பட்டை. கண் மூடியதும் வேலை ஆரம்பம். முன்னொரு காலத்தில் பணி அனுபவத்துக்காகப் பிள்ளைகள் பஸ் ஏறி அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்களாம். இப்போது அந்த அலைச்சல் இல்லை. கனவை ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டால் போதும்; உடம்பு தூங்கும், கனவு உழைக்கும். விழித்த பிறகு என்ன செய்தோம் என்று நினைவிருக்காது, அது தொழில் ரகசியம். ஆனால் கை பழகியிருக்கும்.

அன்று சந்தனமாரி மட்டும் கூடத்துக்குப் போகவில்லை. ஒரு மாதம் விடுப்புப் போட்டிருந்தாள். தூத்துக்குடிக் கரையில் கடல்சுவர் எழுப்பும் நிறுவனத்துக்குத்தான் அவள் கனவு குத்தகை. இந்த ஆண்டை முடித்தால் அங்கேயே வேலை உறுதி. இடையில் நின்றால் அந்த இடத்துக்கு ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள்.

அறைத்தோழி ஜெபமலருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டாமப் போயிரும்ட்டி. கனவு கண்டு என்னத்தக் கிழிக்கப் போற?”

“எங்கப்பாவப் பாக்கணும்,” என்றாள் சந்தனமாரி.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் அம்மாவின் கனவில் வந்து வேட்டி கேட்டார். தம்பியின் கனவில் வந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அத்தை கனவில்கூட வந்துவிட்டுப் போனார். செல்ல மகள் சந்தனமாரியின் கனவில் மட்டும் வரவில்லை. தினமும் காலையில் அம்மா தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, “அப்பா வந்தாராட்டி?” என்பதுதான். அப்பா கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் உறங்குகூடத்தில் இருந்தாள். பணி நடுவே யாரையும் எழுப்பக் கூடாது என்பது விதி. அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கோபத்தில்தான் வரவில்லையோ என்ற பயம் அவளை அரித்தது. இரவில் வரட்டும் என்றாலும் வழியில்லை. பகலிலேயே கனவெல்லாம் இறைத்துவிட்டால் இரவுத் தூக்கம் வறண்ட கிணறுதான். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை.

விடுப்பின் முதல் வாரம் ஒன்றும் ஊறவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. விடுதிப் படிக்கட்டில் ஒரு வெள்ளாடு ஏறி வந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அடுக்களைக்குள் கடல் மெதுவாக வந்து பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்து நாவல்மரம் உப்பளத்தின் நடுவே நின்று பழம் உதிர்த்தது. விழித்த பிறகும் நாக்கு துவர்ப்பது போலிருக்கும். இத்தனை அழகை வைத்துக்கொண்டா வாடகைக்கு விட்டோம் என்று வியந்தாள். ஆனால் அப்பா வரவில்லை.

மாதக் கடைசியில் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் தில்லைநாயகம் அழைத்தார். நல்ல மனிதர். திங்கட்கிழமை வந்துவிடுவாள் அல்லவா என்று விசாரித்தார். அவள் தேர்ச்சி குறைவாக இருந்ததற்கு அவள் காரணமில்லை என்றும் சொன்னார்.

“உங்க கனவுல ஒரு அயலுரு தொந்தரவு இருந்துச்சும்மா. சுவர் கட்டுற எடத்து வாசல் கேட்டுல ஒரு ஆளு வந்து நிப்பாரு. தெனமும். காவலுக்குப் போட்டிருக்கிற மென்பொருள் வெரட்டி விட்டுரும், மறுநாளும் வந்து நிப்பாரு. போன வருசத்துலேர்ந்து இதே கதைதான்.”

அவள் அவசரமாகக் கேட்டாள்: “எப்படி இருப்பாரு சார்?”

“முகம்லாம் பதிவாகாதும்மா. கையில ஒரு குடை. வெயிலானாலும் விரிச்சிருப்பாரு. நீங்க கவலப்படாதீங்க, புதுசா ஒரு சல்லடை போட்டிருக்கோம். திங்கக்கெழமையிலேர்ந்து அந்த ஆளு கிட்டயே வர முடியாது.”

அவள் எழுதிய ஒவ்வொரு தேர்வுக்கும் பள்ளி வாசலில் குடையோடு நின்றவர் அப்பா. நான் வெளியேதான் இருப்பேன், நீ பயப்படாமல் எழுது என்பார். அந்த மனிதரைப் போய் கோபக்காரர் என்று நினைத்தோமே என்று சந்தனமாரி விம்மி விம்மி அழுதாள். அழுத களைப்பில் அப்படியே தூங்கிப்போனாள்.

கடல்சுவர் மேகம்வரை உயர்ந்திருந்தது. வாசல் கேட் பூட்டியிருந்தது. விடுப்பில் இருப்பவளுக்கும் உள்ளே இடமில்லை. அவளும் வெளியேதான் நின்றாள். பக்கத்தில் குடை நிழல் விழுந்தது.

“வேல முடிஞ்சுதா தாயி?” என்றார் அப்பா.

“லீவுப்பா.”

“அதான பாத்தேன். ஒரு மாசமா இங்கதான் நிக்கேன், உள்ள ஒன்னக் காணல.” குடையை அவள் பக்கம் சாய்த்தார். “நாளைக்கும் வேல உண்டுமா?”

“இல்லப்பா. வீட்டுக்குப் போவோம்.”

சுவரை ஒட்டி இருவரும் நடந்தார்கள். வழியெல்லாம் நாவல்பழம் உதிர்ந்து கிடந்தது.

விழித்ததும் தில்லைநாயகத்துக்கு, இனி வருவதாக இல்லை என்று செய்தி அனுப்பினாள். பிறகு அம்மாவை அழைத்து, அப்பா வந்ததையும், கோபமே இல்லை என்பதையும், ஒரு வருடமாக வாசலிலேயே நின்றதையும் சொன்னாள்.

அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“சாப்பிட்டாராட்டி?”